எட்டு வாரமும் இரண்டு மணி நேரமும்

1959-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் தொண்ணூறு பக்கத்துக்கும் மேல் நீண்ட ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆள் பெயர் எதுவும் இல்லை. சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று நிலையத்தின் பெயரே ஆசிரியர் பெயராக நின்றது. 193 நோயாளிகள், ஓராண்டுச் சிகிச்சை, ஒரே ஒரு கேள்வி: காசநோய்க்காரரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்ப்பதா, வீட்டில் விட்டு மாத்திரை கொடுப்பதா?

இன்றைக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்குக் காரணமே அந்தக் கட்டுரைதான்.

அன்று டி.பி. என்றால் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் நிலையத்தை 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை ஒரு சிகிச்சை முறையின் பெயராக நினைக்கிறார்கள் என்பது சந்தேகமே. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. மருந்து பிறக்கும் முன் வைத்தியம் இவ்வளவுதான். இதற்கும் அடங்காத நோய்க்கு மார்புக்குள் ஊசி வழியே காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். விலா எலும்புகளை வெட்டி எடுப்பதும் உண்டு. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, 1952-இல் ஐசோனியசிட் வந்தது. மருந்து வந்த பிறகும் கட்டில் போகவில்லை. மருந்தும் கட்டிலும் சேர்ந்தால்தான் குணம் என்றே மருத்துவ உலகம் நம்பியது. படுக்கைகளைப் போலப் பன்மடங்கு நோயாளிகள் இருந்த நாட்டில் அந்த நம்பிக்கைக்குப் பொருள், பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடையாது என்பதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி 1956-இல் சேத்துப்பட்டில் அந்த மையத்தைத் தொடங்கின. தலைமை தாங்க லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். திட்டம் ஐந்தாண்டுக்கு மட்டும். அது இன்னும் மூடப்படவில்லை. காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறி, 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போயிற்று. மறு பாதி வீட்டிலேயே இருந்தது. மருந்து இருவருக்கும் ஒன்றே: பி.ஏ.எஸ்., ஐசோனியசிட். அங்கே ஓய்வு, கவனிப்பு, அளவான நல்ல உணவு. இங்கே நகரத்து ஏழைகளின் நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலை. ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது இருவருக்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளியால் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தொற்றில் பெரும்பங்கு, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பரவுவது தணிகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதில் சேத்துப்பட்டின் அந்த 193 பேருக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்றைய ஆய்வுக்கூடத்தின் அடிப்படைப் பொருள் கோழிமுட்டை என்றால் நம்பக் கடினமாக இருக்கும். காசநோய்க் கிருமியை வளர்க்கும் ஊடகம் முட்டையில் ஆனது. புதிய முட்டைகளைக் கழுவி, ஓட்டைச் சாராயத்தால் துடைத்து, உடைத்து ஊற்றி, நுரை வராமல் அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டுவார்கள். உப்புகளும் கிளிசரினும் சேர்த்த கரைசலைக் கலப்பார்கள். வேறு கிருமிகள் தலையெடுக்காமலிருக்க மாலகைட் பச்சை என்ற சாயம். அந்த இளம்பச்சைக் கலவையைச் சிறு குப்பிகளில் ஊற்றி, சாய்த்து வைத்து, எண்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் முக்கால் மணி நேரம் வேகவிட்டால் சரிவாக உறைந்து நிற்கும். சளியைக் காரக் கரைசலால் சுத்தம் செய்து அதன்மேல் தடவி, 37 டிகிரி அடைகாப்பில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் ரொட்டித் தூள் உதிர்ந்ததுபோல வறண்ட மங்கிய மஞ்சள் திட்டுகள் தெரியலாம். எட்டு வாரம் வரை ஒன்றும் முளைக்கவில்லை என்றால்தான் 'இல்லை' என்று எழுதலாம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய மேலும் சில வாரங்கள்.

அவசரத்துக்கு நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி ஆவி எழும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மேலே நீலம் ஏற்றினால், அமிலத்துக்கும் விடாத காசநோய்க் கிருமி மட்டும் நீலத்தினிடையே சிவப்புக் கீற்றாகத் தெரியும். ஒரு தகட்டில் நூறு புலங்களையாவது பார்க்க வேண்டும். ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் கீழே இருந்தால் நோயாளி 'நெகட்டிவ்' சீட்டோடு வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருப்பார்.

இன்று சளியோடு ஒரு திரவத்தைக் கலந்து கால் மணி நேரம் வைத்திருந்து, இரண்டு மில்லியை ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் விட்டு இயந்திரத்தில் செருகினால் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டு கேள்விக்கும் திரையில் பதில் வருகிறது. மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமிகள் இருந்தாலே அது பிடித்துவிடும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவிக்கு 2020-இல் ஏற்பு கிடைத்தது. அது மின்கலத்தில் ஓடும், சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலேயே உட்காரும். 1950-களின் இறுதியில் சென்னை நோயாளிகளின் கிருமிகள் லண்டன் போய், கினிப்பன்றிகளின் உடம்பில் செலுத்தப்பட்டு அவற்றின் வீரியம் அளக்கப்பட்டது. 1998-இல் அந்தக் கிருமியின் மரபணுத் தொடர், ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள், முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது. 1950-களின் ஆய்வுக்கூடங்களில் குழாயை வாயால் உறிஞ்சித் திரவம் அளப்பது சாதாரண வழக்கம். இன்று கிருமி வளர்க்கும் அறைக்குள் காற்று உள்ளே மட்டுமே போகும். முகமூடியும் கவச உடையும் இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

எட்டு வாரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியதை லாபம் என்று சொல்லத் தயங்க ஒன்றுமில்லை. அந்த எட்டு வாரத்தில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்துக்கு ஒரு குறை. செத்த கிருமியின் மரபணுவையும் அது கிருமி என்றே கணக்கெடுக்கும். எனவே மருந்து சாப்பிட்டவர் குணமாகிறாரா என்று அறிய இன்றும் அந்தச் சிவப்புக் கீற்றைத் தேடும் கண்ணும், கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் பொறுமையும் தேவைப்படுகின்றன. கார்ட்ரிட்ஜ் வந்து சேராத மாதத்தில் நுண்ணோக்கிதான் கை கொடுக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் மாற்றம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்தது. வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? பி.ஏ.எஸ். சாதாரண மருந்தல்ல. நாளைக்குப் பத்து கிராம். குமட்டும், வயிற்றைக் கலக்கும். மையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். மீதியிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு சில துளி விட்டால், பி.ஏ.எஸ். உள்ளே போயிருந்தால் செந்நீலமாக மாறும். சாப்பிட்டேன் என்று வாய் சொன்னாலும் குப்பி காட்டிக்கொடுத்துவிடும். மருந்தை நோயாளி கையில் விடுவதன் சிக்கலைப் பற்றி 1958-இலேயே ஃபாக்ஸ் தனிக் கட்டுரை எழுதினார். கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் முறைக்கு அந்த அனுபவமே வித்து. பிற்காலத்தில் உலகமெங்கும் 'டாட்ஸ்' என்று பரவியது அதுதான்.

பின்னாளில், அந்த வேலையைச் செல்போன் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மாத்திரை அட்டையின் மேல் ஓர் உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் உறைக்குள் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு இலவசமாக அழைத்தால் இன்று மருந்து சாப்பிட்டதாகக் கணினியில் பதிவாகும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அது எவ்வளவு நம்பகம் என்று சென்னையிலும் வேலூரிலும் மும்பையிலும் ஓர் ஆய்வு நடந்து 2020-இல் முடிவு வெளியானது. எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கித்தான். அழைப்பு வந்ததற்கும் மருந்து உள்ளே போனதற்கும் இருந்த பொருத்தம் எதிர்பார்த்த அளவு இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் கணிசமானோர் அழைக்கவில்லை. சாப்பிடாத சிலர் சாப்பிட்டதாகவே கணக்கில் இருந்தார்கள்.

நோயாளியிடம் கேட்டுச் செய்வதில்தான் காலம் நன்றாக முன்னேறியிருக்கிறது. மருத்துவத்தில் குலுக்கல் முறையை நிலைநாட்டிய பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948-இல் வெளிவந்தது. ஓய்வு மட்டும் கிடைத்த 52 பேரில் ஆறு மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். மருந்தும் கிடைத்த 55 பேரில் 4 பேர். மருந்து கிடைக்காத அந்த 52 பேரிடமும் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தே போதாத காலம். எல்லோருக்கும் கொடுக்க இயலாதபோது குலுக்கிப் போடுவதே நியாயம் என்று வாதாடினார்கள். வாதம் சரியாகவே இருக்கலாம். சொல்லாமல் விட்டது சரியல்ல.

மனிதர்மேல் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு அறநெறி வகுத்த ஹெல்சிங்கி அறிவிப்பு 1964-இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் அறநெறி அறிக்கை 1980-இல். 2009 முதல் இந்தியாவில் மருந்துச் சோதனை எதையும் தொடங்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று நடந்ததையே மறைத்துவிட முடியாது. நோயாளிக்குத் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம் தரப்படுகிறது. படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கைரேகை பெற வேண்டும். பக்கம் பக்கமாக நீளும் அந்தப் படிவத்தைக் கேட்டு முடித்ததும் "நீங்க சொன்னா சரிதாங்க, டாக்டர்" என்று பெருவிரலை நீட்டுகிறவர் இன்றும் உண்டு. சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் தெம்பை இன்னும் கொடுக்கவில்லை.

கணக்கெடுப்பையும் பார்க்கலாம். 1955-58-இல் நாடு தழுவிய முதல் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நான்கு பேரின் சளியில் கிருமி இருந்தது. 2019-21-இல் டிஜிட்டல் எக்ஸ்ரே வண்டியும் மரபணுக் கருவியுமாக ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேர், அதாவது ஆயிரத்துக்கு மூன்று. கருவியும் முறையும் வேறு. இன்றைய கருவி அன்று தப்பியவர்களையும் பிடிக்கும். எனவே இரண்டையும் அப்படியே கழித்துப் பார்ப்பது முறையல்ல. இருந்தாலும், இடையில் வந்த இத்தனை மருந்துக்கும் இத்தனை இயந்திரத்துக்கும் இந்த இறக்கம் போதாது என்று சொல்லக் கணக்குப் பிள்ளை தேவையில்லை.

பொறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டுப் பதினைந்து ஆண்டு கவனிக்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். இவ்வளவு பேரை இவ்வளவு காலம் விடாமல் பின்தொடரப் பணம் கொடுக்கும் அமைப்பு இன்று கிடைப்பது அரிது.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் மாற்றம் மளமளவென்று வந்திருக்கிறது. சில ஆண்டு முன்புவரை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி, அதனால் பலருக்குக் காது கேளாமல் போவது. 2020-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில் மிகக் கடினமான நோயுள்ள 109 பேருக்கு மூன்று வகை மாத்திரைகள் ஆறு மாதம் கொடுத்ததில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஊசியே இல்லை. அந்த மருந்துக் கூட்டோடு நான்காவது ஒன்றையும் சேர்த்த முறைக்கு 2024-இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது.

கடைசியாகச் சாப்பாடு. சேத்துப்பட்டு ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களே அதிகம் எடை கூடினார்கள். ஆனால் வயிறு வாடிய வீட்டு நோயாளிகளும் குணமானார்கள். குணமாக்கியது மருந்து, உணவல்ல என்பது 1959 ஆய்வின் சரியான முடிவு. காலப்போக்கில் அது, காசநோய்க்கு உணவு முக்கியமல்ல என்று சுருங்கிப்போனது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. படித்தவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். அரசுகளுக்கும் அது சௌகரியமாக இருந்தது. மாத்திரையைக் கணக்குப் பார்த்து வாங்கலாம். கோடிக்கணக்கான வயிற்றுக்கு யார் கணக்குப் பார்ப்பது?

அந்த முடிச்சு அவிழ அறுபத்து நான்கு ஆண்டு ஆயிற்று. சேத்துப்பட்டு நிறுவனமும் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடத்தப்பட்ட 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பை. வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அதைப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பூசிக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருந்து ஏமாந்த துறைக்கு, பருப்பு பாதித் தடுப்பூசியின் வேலையைச் செய்தது தெரியவந்தது.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதன் இன்னொரு முகம். மரபணுக் கருவிகள் வந்த காலத்தில் அது கையிலெடுத்தது ஒரு தாளை. உயரத்துக்கேற்ற எடை உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று நோயைக் கண்டறிந்த உடனே பார்த்துக் குறிக்கிறார்கள். நிலைமை மோசமென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படுக்கையும் சத்துணவும் கொடுக்கிறார்கள். 1959-இல் எல்லோருக்கும் வேண்டாம் என்று முடிவான கட்டில், வேண்டியவருக்கு மட்டும் திரும்ப வந்திருக்கிறது. இதுவே சரியான அளவு என்பேன்.

நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக 2018-இலிருந்து மாதம் 500 ரூபாய் தந்த மத்திய அரசு 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், ஆனால் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது தலைக்கு 200 கிராம். ஜார்க்கண்டில் நோயைத் தடுத்த அளவு தலைக்கு ஒன்றரைக் கிலோ. காசநோயாளி இருக்கும் வீடுகளின் பட்டியல் அரசின் கணினியிலேயே இருக்கிறது. அந்த வீடுகளுக்கு மட்டுமாவது பருப்பை அட்டைக்கு என்றில்லாமல் தலைக்கு என்று அளந்து கொடுக்க வேண்டும்.